நோட்டீஸ் காலம் (ஓசூர் வட்டாரம்)

ராஜினாமா கொடுத்த நாளுக்கும் வேலையிலிருந்து விடுபடும் நாளுக்கும் இடைப்பட்ட பணிக்காலம். பாரூரிலிருந்து ஓசூருக்கு வேலைக்குப் போகிறவருக்கும், ஜூஜூவாடி மாநில எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளிக்குப் போகிறவருக்கும் சொந்த ஊர் ஒன்றாக இருக்கலாம். கடைகள், நிறுவனங்கள் சட்டமோ வேலையிடத்தைப் பொறுத்தது. இந்தப் பக்கம் தமிழ்நாட்டின் 1947ஆம் ஆண்டுச் சட்டம், அந்தப் பக்கம் கர்நாடகத்தின் 1961ஆம் ஆண்டுச் சட்டம். அலுவலர்களுக்குப் பணிநியமன ஆணையில் எழுதியிருப்பதே முதல் ஆதாரம். மூன்று மாதம் என்றுகூட இருக்கும். கையெழுத்திடும் முன் அந்த வரியைப் படித்துவிட வேண்டும்.

நோட்டீஸ் காலத்தில் ராஜினாமா கொடுத்தவர் முழு ஊழியர். சம்பளம், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எதுவும் நிற்கக் கூடாது. முன்கூட்டியே போனால் குறையும் நாட்களின் சம்பளத்தைக் கேட்க ஒப்பந்தம் இடம் தரலாம். ஆளைப் பிடித்துவைத்து வேலை வாங்க முடியாது. ராஜினாமா ஊழியரின் உரிமை என்று சஞ்சய் ஜெயின் வழக்கில் (2019) உச்ச நீதிமன்றம் சொன்னது. பணி விதியின் தடையும் ஒழுங்கு நடவடிக்கை நிலுவையும் விலக்குகள்.

தானாக விலகினால் கிராஜுவிட்டி கிடைக்காது என்பது தவறான, பலரைப் பயமுறுத்தும் பேச்சு. ஐந்தாண்டு முடித்த நிரந்தர ஊழியருக்கு அது உண்டு: அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 26,000 ரூபாய், ஏழாண்டுப் பணி என்றால், ஆண்டுக்கு 15 நாள் சம்பள வீதம் (மாதம் 26 நாள் கணக்கில்) 1,05,000 ரூபாய்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறையிலுள்ள ஊதியச் சட்டத்தொகுப்பு, விலகியவரின் சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாட்களுக்குள் தரச் சொல்கிறது. முன்பு இக்கெடு நிர்வாகம் நீக்கியவருக்கு மட்டுமே இருந்தது.

ராஜினாமாக் கடித நகலில் பெற்றவரின் கையொப்பம், தேதி, முத்திரை மூன்றும் இருந்தால் நாள் கணக்கில் தகராறு வராது.