முத்துலட்சுமி ரெட்டி, டாக்டர் (1886–1968)

பிரிட்டிஷ் இந்தியச் சட்டசபைகளில் இடம்பெற்ற முதல் பெண்மணி, மருத்துவர், சமூக சேவகி. பெண்களையும் குழந்தைகளையும் வருத்தும் கொடிய வழக்கங்களைச் சட்டத்தால் விலக்குவதோடு, அவற்றினின்று விடுபடுவோர் மானத்தோடு ஜீவிப்பதற்கும் வழிசெய்தல் வேண்டும் என்பதே இவரது பொதுவாழ்வுக்கு ஆதாரமாய் நின்ற கொள்கையாகும்.

இளமை: புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் 1886 ஜூலை 30-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபினர். ஆடவர் மட்டுமே பயின்றுவந்த மகாராஜா கல்லூரியில் மன்னரின் அனுமதி பெற்றுச் சேர்ந்து, 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பிரவேசித்து, 1912-இல் பட்டம் பெற்றார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

சட்டசபைப் பணி: இந்திய மாதர் சங்கத்தாரின் முயற்சியால் 1926-இல் சென்னைச் சட்டசபைக்கு நியமனம் பெற்ற இவரை, சபையினர் ஏகமனதாகத் தங்கள் உபதலைவராகத் தேர்ந்தனர். குழந்தை விவாகத்தைத் தடுத்து மண வயதை உயர்த்துவதற்கும், விபசார விடுதிகளை ஒழிப்பதற்கும், பெண் கல்வியை வளர்ப்பதற்கும் இவர் அங்கே இடையறாது வாதாடினார். எனினும், சிறுமியர்க்குக் கோயில்களில் பொட்டுக்கட்டித் தேவதாசியராக்கும் வழக்கத்தை ஒழிக்க இவர் நிகழ்த்திய போராட்டமே சரித்திரத்தில் இவர் பெயரை நிலைநிறுத்தியது. அவ்வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் வேண்டுமென இவர் கொணர்ந்த தீர்மானம் 1927 நவம்பரில் நிறைவேறிற்று. சனாதனிகள் மத சுதந்திரத்தின் பெயராலும், தேவதாசியருள் ஒருசாரார் தம் கலைக்கும் ஜீவனத்துக்கும் கேடு நேருமென்ற அச்சத்தாலும் இம்முயற்சியை எதிர்த்தனர்.

இவற்றுள் ஜீவனத்தைப் பற்றிய அச்சம் புறக்கணிக்கத் தக்கதன்று. ஏனெனில், கோயில் ஊழியத்துக்காகவே அப்பெண்டிர்க்கு மானிய நிலங்கள் விடப்பட்டிருந்தமையால், ஊழியம் நீங்கின் நிலமும் பறிபோகும் என்ற நிலைமை இருந்தது. இதனை நன்குணர்ந்த முத்துலட்சுமி ரெட்டி, இந்து அறநிலையச் சட்டத்துக்குக் கொணர்ந்து 1929-இல் நிறைவேற்றிய திருத்தத்தினால், ஊழியத்தினின்று விடுபட்ட பின்னரும் நிலம் அவர்களிடமே நிலைக்குமாறு செய்தார். விடுதலையையும் வாழ்வாதாரத்தையும் ஒருங்கே அளித்த இத்திருத்தத்தில் இவரது தீர்க்க தரிசனம் விளங்குகின்றது. 1930-இல் பொட்டுக்கட்டுதலை முற்றிலும் தடைசெய்யும் மசோதாவைக் கொணர்ந்தார். எனினும், காந்தியடிகள் சிறைப்படுத்தப்பட்டதைக் கண்டித்து அவ்வாண்டிலேயே பதவியைத் துறந்தார். இவர் விரும்பிய சட்டம் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் மந்திரிசபைக் காலத்தில், 1947-இல், நிறைவேறியது.

நிலையங்கள்: சட்டம் விடுவித்தாலும் தங்குவதற்கு இடமில்லையேல் அபலைப் பெண்கள் பழைய வாழ்வுக்கே திரும்ப நேரும் என்பதை உணர்ந்தவராதலின், இவர் அடைக்கலம் நாடி வந்த பெண்களைத் தம் இல்லத்திலேயே ஏற்றார்; அவ்வாறு தோன்றியதே அவ்வை இல்லம். பின்னர் அடையாற்றில் நிலைபெற்ற அது, ஆதரவற்ற சிறுமியர்க்கு உறைவிடமும் கல்வியும் தொழிற்பயிற்சியும் அளித்து வருகின்றது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம், ஏழைகளுக்கும் அந்நோய்க்குத் தக்க சிகிச்சை கிடைத்தல் வேண்டும் என்ற உறுதியை இவருள்ளத்தில் விளைத்தது. 1952-இல் ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டிய அடையாறு புற்றுநோய் நிலையம் அதன் பயனாக எழுந்து, 1954-இல் பணியைத் தொடங்கிற்று.

இவருக்கு 1956-இல் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. 1968 ஜூலை 22-இல் காலமானார். ஏழைக் கர்ப்பிணிகளுக்குத் தமிழக அரசு வழங்கும் மகப்பேறு நிதியுதவித் திட்டம் இவர் பெயரால் வழங்குகின்றது.