பிரிஸ்பேன் விறாந்தையும் நம்ம பெருநாள் பெயின்ட்டும்



பெருநாள் கிட்ட வந்தா ஊரெல்லாம் பெயின்ட் வேலைதான். போன கிழமை பக்கத்து வீட்டில் பழைய கதவொன்றை சாண்ட் பேப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தூசிக்குள்ளேயே பிள்ளைகள் விளையாட்டு. பார்த்ததும் ஒரு பழைய சரித்திரம் ஞாபகம் வந்தது.

1892இல் அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் டர்னர், கிப்ஸன் முதலிய வைத்தியர்கள் சிறுபிள்ளைகளிடம் ஒரு நோயைக் கண்டார்கள். வயிற்று வலி, கைகால் தளர்ச்சி, சிலருக்குப் பார்வையும் மங்கியது. ஈய நஞ்சு என்று விளங்கியது. ஆனால் தொழிற்சாலைப் பக்கமே போகாத பிள்ளைக்கு ஈயம் எங்கிருந்து வரும்?

பதில் கிடைக்கப் பன்னிரண்டு வருடம் போனது. கிப்ஸன் கண் வைத்தியர். 1904இல் அவர் விரலை நீட்டியது வீட்டு விறாந்தைக் கம்பிகளை நோக்கி. அங்கே பலகை வீடுகள். வெக்கைக்குப் பிள்ளைகள் விறாந்தையில்தான் கிடக்கும். வெள்ளை ஈயம் கலந்த பெயின்ட் வெயிலில் காய்ந்து மாப்போல உதிரும். வியர்த்த கையில் ஒட்டும். நகம் கடிக்கிற, விரல் சூப்புகிற பிள்ளைக்கு அது நேரே வாய்க்குள். இவ்வளவுதான் விஷயம். இதை நம்பவைக்கத்தான் அந்த மனுஷன் படாத பாடு பட்டார். பிள்ளைகளுக்குக் கை எட்டுகிற இடங்களில் ஈயப் பெயின்ட் பூசக்கூடாதென்று குயின்ஸ்லாந்தில் சட்டம் வந்தது 1922இல்.

அமெரிக்கா வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தைத் தடுத்தது 1978இல்! இடையில் எத்தனை பிள்ளைகளின் மூளை பாதிக்கப்பட்டிருக்கும்? (அங்கே ஈயக் கம்பனிகளுக்கென்று ஒரு சங்கமே இருந்தது.)

நம்ம நாட்டில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நின்றது. பெயின்ட்டில் ஈயத்துக்கு எல்லை வைத்த சட்டம் 2013இல்தான் அமுலுக்கு வந்தது. அதற்கு முந்திய கதவு, ஜன்னல் எல்லாம் இன்னும் நம்ம வீடுகளில் இருக்கு.

பக்கத்து வீட்டாரிடம் இதைச் சொன்னேன். “நாங்களும் இதுக்குள்ளதானே வளர்ந்தோம் சேர்” என்று சிரித்தார். ஈயம் வெளியே தெரியாமலே படிப்பையும் ஞாபகத்தையும் குறைக்கும், போன மூளை மருந்தில் திரும்பாது என்றேன். கொஞ்சம் யோசித்தார். பிறகு கதவை ஈரமாக்கித் தேய்த்தார்கள், தூசியை ஈரத்துணியால் துடைத்து எடுத்தார்கள். வேலை முடியும்வரை பிள்ளைகள் எங்கள் வீட்டில்.

சுர்மா போடுகிறவர்களும் ஒரு தடவை விசாரியுங்கள். சிலதில் இருப்பது இதே ஈயம்தான்.