பொறியியலில் பி.எச்டி.: சேரும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

"பி.இ. முடித்தாயிற்று, எம்.இ.யும் முடித்தாயிற்று. இன்னும் ஐந்து வருடம் படிக்கப் போகிறேன் என்கிறான். இவன் எப்போது சம்பாதிக்கப் போகிறான்?"

வளைகுடாவில் இருபது வருடம் உழைத்துப் பிள்ளையைப் படிக்க வைத்த தகப்பனார் இப்படிக் கேட்டால் அதில் தவறில்லை. பிள்ளையிடம் தெளிவான பதில் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். வேலை கிடைக்கும் வரை எங்காவது பதிந்து வைப்போம் என்று சேர்ந்தவர்கள் பலர் நான்காம் வருடத்தில் பணமும் ஆர்வமும் தீர்ந்து பாதியில் நிற்கிறார்கள். விவரம் தெரிந்து சேர்ந்தவர்கள் வீட்டிலிருந்து ஒரு ரூபாய் வாங்காமல் முடிக்கிறார்கள். இந்த இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் சேரும் முன்பே முடிவாகிவிடுகிறது. அதற்கு உதவும் தகவல்களை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

முனைவர் பட்டம் என்றால் என்ன?

பி.இ., எம்.இ. படிப்புகளில் ஏற்கனவே தெரிந்த விஷயங்களைக் கற்றுத் தேர்வு எழுதுகிறோம். பி.எச்டி.யில் இதுவரை யாரும் விடை சொல்லாத ஒரு கேள்வியை எடுத்து, சோதனை மூலமோ கணக்கீடு மூலமோ விடை கண்டு, அதை ஆய்வேடாக எழுதி, அத்துறை அறிஞர்கள் முன்னால் நிரூபிக்க வேண்டும். பொறியியலுக்கு இந்தப் பட்டம் சற்றுத் தாமதமாகவே வந்தது. ஜெர்மனியில் பிரஷ்யாவின் தொழில்நுட்பக் கல்விக்கூடங்களுக்கு டாக்டர் பட்டம் வழங்கும் உரிமை 1899-ல்தான் கிடைத்தது.

கௌரவ டாக்டர் பட்டம் வேறு, ஆய்வு செய்து பெறும் பட்டம் வேறு. சென்னை எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியல் படித்த அப்துல் கலாம் அவர்களுக்குப் பல பல்கலைக்கழகங்கள் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கின. அவர் பி.எச்டி. செய்தவர் அல்லர். பெரிய காரியம் செய்ய பி.எச்டி. கட்டாயமில்லை என்பதற்கு அவரே சாட்சி. ஆகவே பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போடுவதற்காக மட்டும் இதில் இறங்க வேண்டாம்.

யார் சேரலாம்?

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022-ம் ஆண்டு விதிமுறைகளின்படி, முதுகலைப் பட்டத்தில் 55 சதவீத மதிப்பெண் பெற்றவர்கள் விண்ணப்பிக்கலாம். நான்கு வருட இளநிலைப் பட்டத்தில் 75 சதவீதம் பெற்றவர்களும் நேரடியாக விண்ணப்பிக்கலாம். எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி., மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு. ஒவ்வொரு நிறுவனமும் இதற்கு மேல் தனது நிபந்தனைகளை வைத்துக்கொள்ளலாம் என்பதால் அந்தந்த அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐஐடி, என்ஐடி, பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் போன்ற இடங்களில் கேட் தேர்வு மதிப்பெண், எழுத்துத் தேர்வு, நேர்முகத் தேர்வு ஆகியவற்றின் அடிப்படையில் சேர்க்கை நடக்கிறது. கேட் மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். பி.இ. இறுதியாண்டிலேயே எழுதிவிடுவது நல்லது. தமிழகத்தில் அண்ணா பல்கலைக்கழகத் துறைகளிலும், அதன் அங்கீகாரம் பெற்ற ஆராய்ச்சி மையங்கள் உள்ள பொறியியல் கல்லூரிகளிலும் சேரலாம்.

இங்கே பலர் தவறவிடும் ஒரு விஷயம் சாதிச் சான்றிதழ். நம் பிள்ளைகளிடம் இருப்பது மாநில அரசின் பி.சி. முஸ்லிம் சான்றிதழ். மத்திய அரசு நிறுவனங்களில் அது செல்லாது. லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் ஆகிய பிரிவுகள் மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியலில் உள்ளன. கிரீமி லேயரில் வராதவர்கள் மத்திய அரசு படிவத்தில் தனியாக ஓ.பி.சி. சான்றிதழ் வாங்க வேண்டும். ஐஐடி, என்ஐடி பி.எச்டி. இடங்களிலும் ஓ.பி.சி.க்கு 27 சதவீத இடஒதுக்கீடு உண்டு. கடைசி நேரத்தில் தாலுகா அலுவலகத்துக்கு அலையாமல் விண்ணப்பிக்கும் முன்பே வாங்கி வையுங்கள்.

எத்தனை வருடம்? என்னென்ன கட்டங்கள்?

விதிப்படி குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு வருடம். மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு வருடம் கிடைக்கும். பொறியியலில் நான்கு முதல் ஆறு வருடம் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்வதே யதார்த்தம்.

முதல் வருடம் பாடங்கள். குறைந்தது 12 கிரெடிட். ஆராய்ச்சி நெறிமுறை பற்றிய பாடமும் அதில் அடங்கும். அடுத்து ஆய்வுத் தலைப்பை ஆய்வுக் குழு முன் வைத்து ஒப்புதல் பெற வேண்டும். பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழு முன் முன்னேற்றத்தைக் காட்ட வேண்டும். சோதனைகள், கட்டுரைகள், ஆய்வேடு என்று வேலை நகரும். ஆய்வேட்டை நெறியாளருடன் வெளியிலிருந்து குறைந்தது இரண்டு தேர்வாளர்கள் மதிப்பிடுவார்கள். முடிந்தால் அவர்களில் ஒருவர் வெளிநாட்டவராக இருக்க வேண்டும் என்கிறது விதி. கடைசியில் எல்லோரும் வந்து கேட்கக்கூடிய வாய்மொழித் தேர்வு. ஆய்வேடு கொடுத்த ஆறு மாதத்துக்குள் இவை அனைத்தும் முடிய வேண்டும்.

வேலையில் இருப்பவர்கள் பகுதிநேரமாகச் செய்யலாம். நிறுவனத்திடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். ஆனால் தொலைதூரக் கல்வியிலும் ஆன்லைனிலும் பி.எச்டி. செய்ய யுஜிசி அனுமதிப்பதில்லை. 'வீட்டிலிருந்தே ஒரே வருடத்தில் டாக்டர் பட்டம்' என்று வரும் விளம்பரங்களை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

தலைப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஓர் உதாரணம் பார்ப்போம். நமது கடலோர ஊர்களில் பதினைந்து இருபது வருடத்திலேயே வீட்டுக் கூரையில் கான்கிரீட் பெயர்ந்து கம்பி வெளியே தெரிவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். உப்புக் காற்றில் உள்ள குளோரைடு கான்கிரீட்டுக்குள் ஊடுருவிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு இரும்பை விட அதிக இடத்தை அடைப்பதால் கான்கிரீட் உள்ளிருந்து வெடிக்கிறது.

'கான்கிரீட்டில் துரு' என்பது ஆய்வுத் தலைப்பு ஆகாது. அதில் ஆயிரக்கணக்கான கட்டுரைகள் வந்துவிட்டன. 'சிமெண்டில் ஒரு பகுதிக்குப் பதிலாக அனல்மின் நிலையச் சாம்பலைக் கலந்தால், இந்தக் கடற்கரையின் வெப்பத்திலும் ஈரத்திலும், குளோரைடு கம்பியை எட்ட எவ்வளவு காலம் கூடுதலாக ஆகும்?' என்று சுருக்கினால் அளந்து பார்க்கக்கூடிய கேள்வி ஆகிறது. நல்ல தலைப்புக்கு மூன்று அடையாளம் உண்டு. விடை இன்னும் தெரியாமல் இருக்க வேண்டும். இருக்கும் கருவிகளைக் கொண்டு சில வருடத்தில் விடை காண முடிய வேண்டும். விடை யாருக்காவது பயன்பட வேண்டும்.

இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் 'ஷோத்கங்கா' இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சேரும் முன் உங்கள் துறையில் நான்கைந்து ஆய்வேடுகளைப் புரட்டிப் பாருங்கள். இந்த வேலை நமக்குப் பிடிக்குமா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

நெறியாளர்

கல்லூரியின் பெயரை விட நெறியாளர் முக்கியம். ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் வழிகாட்டலாம். சேரும் முன் அவருடைய சமீபத்திய கட்டுரைகளைப் படியுங்கள். அவரிடம் இப்போது இருக்கும் மாணவர்களிடம் தனியாகப் பேசுங்கள். எத்தனை பேர் முடித்தார்கள், எவ்வளவு காலம் ஆனது, வாரத்தில் எத்தனை முறை சந்திக்கிறார், ஆய்வகத்தில் கருவி உண்டா என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். ஐந்து வருட வாழ்க்கை அதில் இருக்கிறது.

செலவும் உதவித்தொகையும்

ஐஐடி, என்ஐடி போன்ற நிறுவனங்களில் கேட் மூலம் முழுநேரமாகச் சேர்ந்தவர்களுக்குக் கல்வி அமைச்சகத்தின் உதவித்தொகை கிடைக்கிறது. 2023 ஜனவரி முதல் இது முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அதன் பின் 42,000 ரூபாய். இதற்கு ஈடாக இளநிலை மாணவர்களின் ஆய்வக வகுப்புகளில் உதவ வேண்டியிருக்கும். 2018-ல் அறிவிக்கப்பட்ட பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 70,000 ரூபாயில் தொடங்கி 80,000 வரை சென்றது. அதற்குப் போட்டி மிகக் கடுமை. இவை தவிர ஏஐசிடிஇ வழங்கும் உதவித்தொகையும், பேராசிரியர்கள் பெறும் ஆராய்ச்சித் திட்டங்களில் பணியிடங்களும் உண்டு.

சிறுபான்மை மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2009-ல் தொடங்கிய மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகை முஸ்லிம், கிறிஸ்தவர், சீக்கியர், பௌத்தர், பார்சி, சமணர் ஆகியோருக்கு ஆராய்ச்சிக் காலத்தில் கை கொடுத்தது. வேறு திட்டங்களோடு ஒன்றிப்போகிறது என்று காரணம் சொல்லி 2022-23 முதல் மத்திய அரசு அதை நிறுத்திவிட்டது. பழைய கட்டுரைகளைப் பார்த்து அதை நம்பி இருக்க வேண்டாம். ஓ.பி.சி. மாணவர்களுக்கான தேசிய உதவித்தொகை நெட் தேர்வை அடிப்படையாகக் கொண்டது. யுஜிசி நெட் தேர்விலோ கட்டடம், இயந்திரம் போன்ற பொறியியல் பாடங்கள் இல்லை. ஆகவே பொறியியல் மாணவருக்கு உறுதியான வழி கேட் மதிப்பெண்தான். ஒரு சில மாதம் ஒழுங்காக உட்கார்ந்து படித்தால் ஐந்து வருடச் செலவு தீர்ந்துவிடும்.

உதவித்தொகை இல்லாமல் முழுநேரமாகச் சேருவதைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். நம் ஊர் அறக்கட்டளைகள் பி.இ.க்குக் கட்டணம் கட்ட முன்வருகின்றன, நல்ல விஷயம். கேட் பயிற்சிக்கும், நேர்முகத் தேர்வுக்குப் போய்வரும் பயணத்துக்கும் சிறிதளவு ஒதுக்கினால் அதன் பலன் இன்னும் பெரிதாக இருக்கும்.

பெண்களுக்கு

படித்துக்கொண்டிருக்கும்போதே திருமணம், குழந்தை என்று வந்தால் படிப்பு நின்றுவிடும் என்ற பயம் பல வீடுகளில் உள்ளது. விதிமுறை இதற்கு இடம் தருகிறது. பெண்களுக்கு ஆராய்ச்சிக் காலத்தில் 240 நாள் வரை மகப்பேறு மற்றும் குழந்தை வளர்ப்பு விடுப்பு உண்டு. அதிகபட்ச காலத்திலும் கூடுதலாக இரண்டு வருடம் தளர்வு தரலாம். திருமணப் பேச்சின்போதே 'இவள் பி.எச்டி. செய்கிறாள், முடிக்க வேண்டும்' என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் தெளிவாகச் சொல்லிவிடுவது பின்னால் வரும் மனக்கசப்பைத் தவிர்க்கும்.

வெளிநாட்டில்

அமெரிக்காவில் பி.இ. முடித்தவர்கள் நேரடியாக பி.எச்டி.க்கு விண்ணப்பிக்கலாம். பொறியியலில் சேர்பவர்களுக்குப் பெரும்பாலும் கட்டணத் தள்ளுபடியும் உதவியாளர் பணிக்கான சம்பளமும் கிடைக்கும். ஜெர்மனியில் பொதுவாக முதுகலைப் பட்டம் தேவை. அங்கே பொறியியல் ஆய்வாளர்கள் பலர் பல்கலைக்கழக ஊழியராகவே சம்பளம் பெறுகிறார்கள். சவூதியில் செங்கடல் ஓரம் தூவலில் 2009-ல் திறக்கப்பட்ட மன்னர் அப்துல்லா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் கட்டணம், உதவித்தொகை, தங்குமிடம், மருத்துவம் அனைத்தையும் தருகிறது. தம்மாம், ஜித்தாவில் குடும்பம் இருந்தும் இதை அறியாத மாணவர்கள் உண்டு. எந்த நாடாக இருந்தாலும், உங்கள் ஆர்வத்தை விளக்கி நேரடியாகப் பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சல்தான் முதல் படி.

எச்சரிக்கை

பணம் வாங்கிக்கொண்டு கட்டுரை எழுதித் தருவோர், எதையும் சரிபார்க்காமல் வெளியிடும் போலி ஆய்விதழ்கள் ஆகியவை இன்று பெருகிவிட்டன. 2023-ல் மட்டும் உலக அளவில் 10,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. குறுக்கு வழியில் பெற்ற பட்டம் எத்தனை வருடம் கழித்தும் பறிபோகலாம். அது பிறர் உழைப்பைத் திருடுவதும் ஆகும்.

முடித்த பின்

பொறியியல் கல்லூரிகளில் உதவிப் பேராசிரியர் ஆக முதுகலைப் பட்டம் போதும். இணைப் பேராசிரியர் ஆவதற்கு பி.எச்டி. கட்டாயம். கற்பித்தல் தவிர இஸ்ரோ, டிஆர்டிஓ, சிஎஸ்ஐஆர் ஆய்வகங்கள், சிப் வடிவமைப்பு, வாகனத் தயாரிப்பு, எரிசக்தி நிறுவனங்களின் ஆராய்ச்சிப் பிரிவுகள் ஆகியவற்றில் வாய்ப்பு உண்டு. சாதாரண மென்பொருள் வேலைதான் இலக்கு என்றால் பி.எச்டி. தேவையில்லை. அந்த ஐந்து வருட அனுபவமே அதிகம் உதவும்.

கையெழுத்திடும் முன் ஐந்து கேள்விகள்:

1. நான் விடை தேடும் கேள்வியை இரண்டு வரியில் சொல்ல முடியுமா?
2. நெறியாளரின் மாணவர்களிடம் பேசினேனா?
3. உதவித்தொகை எத்தனை வருடம் உறுதி?
4. ஆறு வருடம் ஆனால் வீடு தாங்குமா?
5. முடித்த பின் எங்கே போவேன்?

டாக்காவில் 1929-ல் பிறந்த ஃபஸ்லுர் ரஹ்மான் கான் 1952-ல் உதவித்தொகை பெற்று அமெரிக்கா சென்றார். மூன்றே வருடத்தில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இரண்டு முதுகலைப் பட்டங்களையும் கட்டமைப்புப் பொறியியலில் பி.எச்டி.யையும் முடித்தார். உயரமான கட்டடம் காற்றைத் தாங்க வெளிச்சுவரையே ஒரு குழாய் போல அமைக்கலாம் என்ற அவருடைய சிந்தனையில் எழுந்ததுதான் சிகாகோவின் 110 மாடி சியர்ஸ் கோபுரம். ஜித்தா விமான நிலையத்தில் 1981-ல் திறக்கப்பட்ட, கூடாரக் கூரை கொண்ட ஹஜ் முனையத்தின் வடிவமைப்பிலும் அவருடைய பங்கு பெரிது. இன்றும் ஹாஜிகள் வெயிலுக்கு அதன் நிழலில் ஒதுங்குகிறார்கள்.

"இவன் எப்போது சம்பாதிக்கப் போகிறான்?" என்று தகப்பனார் கேட்கும்போது, மேலே உள்ள ஐந்து கேள்விகளுக்கும் பதில் எழுதிய தாளை அவர் கையில் கொடுங்கள். பெரும்பாலான தகப்பனார்களுக்கு அது போதும்.