குட்டிக் காரும் பத்தாண்டுச் சீட்டும்



வகுப்பில் 'மகிழுந்து' என்னும் சொல்லைக் கற்பிக்கும் நாளில் குறும்புக்காரப் பிள்ளை ஒன்று எழுந்து, கார் இல்லாதவர் மகிழ்ச்சியாக இருக்க முடியாதா என்று கேட்பது வழக்கம். மகிழ் + உந்து எனப் பிரித்துக் காட்டும் ஆசிரியர் எவரும் இக்கேள்விக்குத் தப்ப முடியாது. பெற்றோர் சந்திப்பிலோ கேள்வி வேறு வடிவில் வரும். தமிழ்நாட்டிலிருந்து இங்கு வந்து குடியேறிய பெற்றோர், "ஊரில் மாருதி 800 வைத்திருந்தோம், இங்கே அதைவிடச் சிறிய வண்டி ஒன்றை வாங்கக்கூட ஏன் கை நடுங்குகிறது?" என்பர். 1983 டிசம்பரில் வெளிவந்த அந்த 796 சிசி வண்டிதான் இந்தியாவின் நடுத்தரக் குடும்பம் பலவற்றுக்கு முதல் கார். அதன் நினைவோடு சிங்கப்பூருக்கு வருபவருக்கு இங்குள்ள விலைப்பட்டியல் ஒரு புதிராகவே தோன்றும். அந்தப் புதிருக்கு ஒரு வரலாறு உண்டு.

சக்கரங்களின் கதையைத் தேக்காவிலிருந்து தொடங்குவதே பொருத்தம். இன்று லிட்டில் இந்தியா என அழைக்கப்படும் வட்டாரம் ஒரு காலத்தில் மாட்டுத் தொழுவங்களின் வட்டாரம். கெர்பாவ் என்றாலும் பஃபலோ என்றாலும் எருமைதான். அடுத்தடுத்த இரு சாலைகளுக்கு ஒரே விலங்கின் பெயர் மலாயிலும் ஆங்கிலத்திலும் வாய்த்திருக்கிறது. நம் மாணவர்களில் பலர் பிறந்த கேகே மருத்துவமனையின் பெயரிலும் 'எருமைத் தொழுவம்' என்று பொருள்படும் கண்டாங் கெர்பாவ் என்னும் தொடரே சுருங்கி நிற்கிறது. சிராங்கூன் சாலைப் பகுதியை அக்காலத் தமிழர் சுண்ணாம்புக் கம்பம் என்றனர். சுண்ணாம்பையும் செங்கல்லையும் தண்ணீரையும் அந்நாளில் இழுத்துச் சென்றவை மாட்டுவண்டிகளே. டன்லப் ஸ்திரீட், அப்பர் வெல்ட் சாலை, கஃப் சாலை ஆகியவற்றில் இன்று ஒரு பெரிய வண்டி திரும்பப் படும் பாட்டைப் பார்த்தால், அத்தெருக்கள் எந்த அளவு வண்டிக்காகப் பிறந்தவை என்பது தானே விளங்கும்.

சிங்கப்பூருக்கு முதல் கார் 1896-இல் வந்தது. சார்ல்ஸ் பக்லி என்பவர் தருவித்த பென்ஸ் வண்டி அது. இந்நகரின் பழங்கதைகளை 1902-இல் நூலாக வெளியிட்டவரும் அவரே. அந்த வண்டிக்கு ஊரார் வைத்த பெயர் 'காப்பி இயந்திரம்'. அதன்பின் மோரிஸ் மைனர், ஆஸ்டின், மினி என்று சிறிய வண்டிகளும் பெரிய வண்டிகளும் கலந்தே ஓடின. வாங்க வசதி உள்ளவர் வாங்கினர். உரிமைக்கெனத் தனியே ஏலம் ஏதுமில்லை.

திருப்பம் 1970-களில் நேர்ந்தது. சிறு தீவு, மக்கள்தொகையும் வருமானமும் ஏறிக்கொண்டிருந்தன, நகர மையம் காலையில் திணறியது. 1975-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் நாள் வட்டார உரிமத் திட்டம் நடப்புக்கு வந்தது. காலை உச்ச நேரத்தில் நகர மையத்துக்குள் கார் நுழைய வேண்டுமானால் 3 வெள்ளி கொடுத்து ஒரு காகித உரிமத்தை வாங்கிக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும். நெரிசலுக்கு விலை வைத்த முதல் நகரம் சிங்கப்பூர் என்று உலகப் போக்குவரத்து நூல்கள் இதனையே குறிப்பிடுகின்றன. லண்டன் இதைச் செய்தது 2003-இல்தான். நால்வர் சேர்ந்து வந்தால் கட்டணமில்லை என்பது இத்திட்டத்தில் எனக்குப் பிடித்த விதி. அதனால் முன்பின் அறியாதவர்களைப் பேருந்து நிறுத்தத்தில் ஏற்றிக்கொண்டு எல்லை தாண்டிய ஓட்டுநர்கள் பலர் இருந்தனர். அச்சலுகை 1989-இல் நீக்கப்பட்டது. 1998-இல் மின்னியல் சாலைக் கட்டணம் வந்து காகித உரிமத்துக்கு ஓய்வு கொடுத்தது.

பயன்பாட்டுக்குக் கட்டணம் விதித்தது ஒரு புறம். உரிமையையே அளந்து கொடுப்பது மறுபுறம். கூடுதல் பதிவுக் கட்டணம் 1975-இல் வண்டியின் இறக்குமதி மதிப்பில் 100 விழுக்காடாகவும், 1983-இல் 175 விழுக்காடாகவும் ஏறியது. அப்போதும் வண்டிகள் பெருகின. எனவே 1990 மே மாதம் வாகன ஒதுக்கீட்டு முறை பிறந்தது. வண்டி வாங்குவதற்கு முன் 'வாகன உரிமைச் சான்றிதழ்' ஒன்றை ஏலத்தில் எடுக்க வேண்டும்; அது பத்தாண்டுகளுக்கே செல்லும். பேச்சுவழக்கில் நாம் சிஓஇ என்கிறோமே, அதுதான். ஒரு பிரிவில் வெற்றி பெற்ற அனைவரும் ஒரே தொகையைக் கட்டுவர். பத்தாண்டு முடிந்தால் வண்டியைக் கைவிட வேண்டும். இல்லையேல் கடந்த மூன்று மாத ஏலச் சராசரியைக் கட்டி, ஐந்து அல்லது பத்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்க வேண்டும்.

நம் குட்டிக் காரின் கதை உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது. 1990-இல் வகுத்த பிரிவுகளில் 1,000 சிசிக்கு உட்பட்ட கார்களுக்கென்றே தனிப்பிரிவு இருந்தது. சிறிய வண்டிக்காரர் சிறிய வண்டிக்காரரோடு மட்டும் போட்டியிட்டார். 1999-இல் பிரிவுகளைக் குறைத்தபோது அத்தனிப்பிரிவு மறைந்து, 1,600 சிசி வரையிலான கார்கள் யாவும் 'ஏ' பிரிவுக்குள் சேர்ந்தன. 660 சிசி குட்டி வண்டிக்காரர் 1,600 சிசி குடும்ப வண்டிக்காரரோடு ஒரே வரிசையில் நின்று விலை கேட்க வேண்டிய நிலை. பத்து ஆண்டுகளில் இயந்திர நுட்பம் மாறி, 1,600 சிசிக்குள்ளேயே பெரும் ஆற்றல் தரும் இயந்திரங்கள் வந்துவிட்டன. ஐரோப்பிய உயர்விலைக் கார்கள் சிறிய காருக்கான பிரிவுக்குள் உரிமையோடு நுழைந்தன. 2013 ஜனவரியில் 'ஏ' பிரிவுக் கட்டணம் 90,000 வெள்ளியைத் தாண்டியது. அதன் பிறகே, 2014 பிப்ரவரி முதல், 97 கிலோவாட்டுக்கு மேல் ஆற்றலுள்ள வண்டிக்கு அப்பிரிவில் இடமில்லை என்ற விதி சேர்ந்தது. சிசி என்ற ஒற்றை அளவுகோலை நம்பியதன் விளைவு இது. நம் தேர்வுத்தாள்களிலும் ஒற்றை அளவுகோலின் குறும்புகளைக் காண்கிறோம். ஆசிரியர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

இடையில் வந்த வேடிக்கை ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 2008 நவம்பரில், உலக நிதி நெருக்கடியின் நடுவே, 'ஏ' பிரிவுச் சான்றிதழ் 2 வெள்ளிக்கு விழுந்தது. ஆம், இரண்டே வெள்ளி. ஆண்டுக்கு 20 காசு. அப்போது வாங்கியவர் தேக்கா நிலையத்தில் ஒரு வேளை தோசைக்குக் கொடுப்பதைவிடக் குறைவாகக் கொடுத்துப் பத்தாண்டு உரிமை பெற்றார். அதே பிரிவின் சான்றிதழ் 2023 அக்டோபரில் 106,000 வெள்ளியைத் தொட்டது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 29 வெள்ளி. கார் நகராமல் அடுக்குமாடிக்குக் கீழே நின்றாலும் அந்த 29 வெள்ளி கரைந்துகொண்டே இருக்கும். 2025-இல் அந்த உச்சமும் கடக்கப்பட்டது. தொடக்கநிலை 5 மாணவர்களுக்கு விழுக்காடும் வீதமும் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இவ்விரு எண்களும் நல்ல கருவிகள்.

கணக்கைச் சற்று நீட்டிப் பார்ப்போம். இறக்குமதி மதிப்பு 10,000 வெள்ளியாக உள்ள ஒரு சின்னஞ்சிறு கார். 20 விழுக்காடு சுங்க வரி 2,000 வெள்ளி. இரண்டும் சேர்ந்த தொகைக்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரி 1,080 வெள்ளி. கூடுதல் பதிவுக் கட்டணம் மதிப்பில் 100 விழுக்காடு, அதாவது 10,000 வெள்ளி. இதுவரை 23,080 வெள்ளி. சான்றிதழ் 100,000 வெள்ளி என்று கொண்டால், விற்பனையாளரின் இலாபம் சேராமலேயே 123,080 வெள்ளி. வண்டியின் மதிப்பைப்போல் பத்து மடங்கு அந்தச் சான்றிதழுக்கு! 60,000 வெள்ளி மதிப்புள்ள பெரிய காரை வாங்குபவருக்கோ சான்றிதழ் 120,000 வெள்ளியானாலும் அது வண்டியின் மதிப்பில் இரு மடங்குதான். கூடுதல் பதிவுக் கட்டணம் 2013 முதல் படிப்படியாக ஏறும் வகையில் மாற்றப்பட்டிருப்பதால், அவர் அத்தலைப்பில் மட்டும் 86,000 வெள்ளி கட்டுவார் என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். அரசு இந்த ஏற்றத்தாழ்வைக் காணாமல் இல்லை. ஆயினும் சான்றிதழ் என்னும் பகுதி சிறியவரையே அதிகம் அழுத்துகிறது என்பது என் துணிபு.

சாலைத் துறையினரின் மறுமொழி வலுவானது. 3.4 மீட்டர் நீளக் காரும் 4.8 மீட்டர் நீளக் காரும் ஓடும்போது எடுத்துக்கொள்ளும் இடத்தில் பெரிய வேறுபாடு இல்லை. முன்வண்டிக்கும் பின்வண்டிக்கும் இடையே விடும் பாதுகாப்பு இடைவெளிதான் சாலையைத் தின்கிறது. நிறுத்துமிடமும் அப்படியே. இங்கு வழக்கமான ஒரு கட்டம் 2.4 மீட்டர் அகலம், 4.8 மீட்டர் நீளம். 1.48 மீட்டர் அகலக் குட்டி வண்டி அதில் நின்றால் இருபுறமும் காற்று ஆடும். ஆனால் அந்தக் கட்டத்தில் இன்னொரு வண்டி நிற்க முடியாது. தீவின் நிலப்பரப்பில் சாலைகள் ஏறத்தாழ 12 விழுக்காட்டையும் வீடுகள் 14 விழுக்காட்டையும் கொண்டுள்ளன என்பது நிலப் போக்குவரத்து ஆணையம் பலமுறை எடுத்துக்காட்டிய கணக்கு. 2018 பிப்ரவரி முதல் கார்களின் எண்ணிக்கை வளர்ச்சி விகிதம் சுழியம் ஆனதும் இதனால்தான்.

ஜப்பான் வேறு வழி கண்டது. அங்கே 1949-லேயே 'கெய்' என்னும் குட்டி வண்டி வகையைச் சட்டத்தால் வகுத்தனர். இயந்திரம் 360, பின்னர் 550, 1990 முதல் 660 சிசி என உயர்ந்தது, நீளம் 3.4 மீட்டருக்குள், அகலம் 1.48 மீட்டருக்குள். வரி குறைவு. பெருநகரங்களுக்கு வெளியே, நிறுத்த இடம் உண்டு எனச் சான்று காட்ட வேண்டியதும் இல்லை. சலுகை இருந்ததால் குட்டி வண்டி அங்கே தழைத்தது. சிங்கப்பூரில் குட்டி வண்டிக்குக் கிடைப்பது சாலை வரியில் மட்டுமே. 660 சிசி வண்டிக்கு ஆறு மாத வரி 160 வெள்ளி சொச்சம். மேலே கண்ட பெருந்தொகைக்கு முன்னால் இது கடலில் கரைத்த பெருங்காயம். 2000-களில், சான்றிதழ் மலிவாக இருந்தபோது, சுபாரு ஆர்1, செரி க்யூக்யூ போன்ற சின்ன வண்டிகள் இங்கே தென்பட்டன. விலை ஏறியதும் அவை அருகின. நூறாயிரம் வெள்ளியைக் காகிதத்துக்குக் கொடுப்பவர், மேலும் சில ஆயிரம் சேர்த்துப் பெரிய வண்டியாகவே வாங்கிவிடுகிறார். சிறியதை வாங்குவதற்கான காரணத்தையே சான்றிதழ் அழித்துவிட்டது.

சிவப்பு எண்பலகை வண்டிகளின் கதையும் உண்டு. 1991-இல் வந்த வாரயிறுதிக் கார் திட்டத்தில், வார நாள்களில் பகலில் ஓட்டாதவருக்கு வரிக் கழிவு கிடைத்தது. கழிவு வண்டியின் வரியோடு சேர்ந்து ஏறியதால், இரண்டாம் வண்டியாகச் சொகுசுக் கார் வாங்கியோரே மிகுதியும் பயன்பெற்றனர். 1994-இல் அதனை மாற்றி, எவ்வகை வண்டிக்கும் அதிகபட்சம் 17,000 வெள்ளிக் கழிவு என்று வரம்பிட்டனர். சனி, ஞாயிறுகளில் சிராங்கூன் சாலைக்கு மளிகை வாங்கவும், கோயிலுக்கும், பீட்டி சாலையிலுள்ள உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்துக்கும் வந்து போகும் குடும்பங்களுக்கு அத்திட்டம் அளவெடுத்துத் தைத்தது போன்றது.

ஞாயிற்றுக்கிழமைத் தேக்காவைப் பற்றிப் பேசும்போது இன்னொரு பிரிவையும் குறிப்பிட வேண்டும். சரக்கு வண்டிகளுக்கும் பேருந்துகளுக்கும் உரியது 'சி' பிரிவு. நம் ஊர்களிலிருந்து வந்து கட்டுமானத் தளங்களில் உழைக்கும் தொழிலாளர்கள் பலர் லாரியின் பின்புறத்தில் அமர்ந்து பணியிடம் செல்வது இன்றும் சட்டத்துக்கு உட்பட்டதே. நாடாளுமன்றத்தில் இது பலமுறை விவாதிக்கப்பட்டுள்ளது. குட்டிக் கார் கட்டுப்படியாகவில்லை என வருந்தும் நம் உரையாடலில் அவர்கள் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

பெற்றோர் என்னிடம் நேராகக் கேட்டால் நான் சொல்வது இதுதான். வீட்டில் நடக்க இயலாத முதியவரோ, அடிக்கடி மருத்துவமனை செல்லும் குழந்தையோ இருந்தால் கார் ஆடம்பரம் அன்று. கணக்குப் போட்டு வாங்குங்கள். துணைப்பாட வகுப்புக்குக் கொண்டுபோய் விடுவதற்கென்றால், 2003 ஜூன் முதல் லிட்டில் இந்தியாவின் வாசலிலேயே பெருவிரைவு ரயில் நிற்கிறது. 2015 டிசம்பரில் இரண்டாவது தடமும் வந்துவிட்டது. கடன் வரம்பையும் பாருங்கள். 2013-இல் கடுமையாக்கி 2016-இல் சற்றுத் தளர்த்திய விதியின்படி, இறக்குமதி மதிப்பு 20,000 வெள்ளிக்கு மேற்படாத காருக்கே விலையில் 70 விழுக்காடு வரை கடன் கிடைக்கும். தவணைக் காலம் ஏழு ஆண்டு.

சொந்தமாக்காமல் குட்டிக் காரை ஓட்டும் வழியும் இங்கே முயலப்பட்டது. 2017 டிசம்பரில் தொடங்கிய புளூஎஸ்ஜி சேவையில், 3.65 மீட்டர் நீளமுள்ள மின்கார்களை நிமிடக் கணக்கில் வாடகைக்கு எடுத்து, ஓர் இடத்தில் ஏறி வேறோர் இடத்தில் விட்டுச் செல்ல முடிந்தது. அடுக்குமாடிகளின் கீழே அவை மின்னேற்றக் கம்பத்தோடு கட்டுண்டு வரிசையாக நின்ற காட்சி பலருக்கு நினைவிருக்கும். 2025 ஆகஸ்டில் அச்சேவை நிறுத்தி வைக்கப்பட்டது.