சீவிய தோலும் சீவாத தோலும்: மாட்டுத்தோலின் மயிர் நீக்கம் - ஒரு வரலாற்று நோக்கு

பழந்தமிழ் இலக்கியத்தில் முரசு, பறை, செருப்பு முதலிய தோற்பொருள்கள் பற்றிய குறிப்புகள் பல உள்ளன. ஆயின் தோல் பதப்படுத்தப்பட்ட முறைக்கு நேர்ச்சான்றுகள் அரியன. அம்முறையின் ஒரு படிநிலையாகிய மயிர் நீக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, இலக்கியச் சான்றையும் தொழில் வரலாற்றையும் இணைத்து நோக்க இக்கட்டுரை முயல்கிறது.

சீவாத தோல்

புறநானூற்றின் 288ஆம் பாடல், இரண்டு ஏறுகளைப் பொரவிட்டு, வென்ற ஏற்றின் தோலைச் சீவாமலே போர்த்த முரசினைக் கூறுகிறது. மதுரைக்காஞ்சியும் கொல்லேற்றின் சீவாத தோல் போர்த்த முரசினைச் சுட்டுகிறது. புறநானூற்றின் பழைய உரை 266ஆம் பாடலுடன் நின்றுவிடுகிறது. மதுரைக்காஞ்சிக்கு நச்சினார்க்கினியர் உரை துணைசெய்கிறது. சீவப்படாதது மயிரே என அவ்வுரை கொள்கிறது.

ஒரு செயல் நிகழாமையை விதந்து கூறுதல், அச்செயல் வழக்கில் உள்ளபோதே பொருள் தரும். ஏனைய தோல்கள் சீவப்பட்டமையாலேயே இம்முரசின் தோல் தனித்துச் சுட்டப்பட்டது எனக் கருத இடமுண்டு. சீவுதல் என்னும் வினை எதிர்மறை வடிவில் நின்று ஒரு தொழிலின் இருப்பைப் புலப்படுத்துகிறது. முரசும் வேந்தனும் பாடப்பெற்றனர், சீவியவர் பாடப்பெறவில்லை.

சுண்ணாம்புக் குழி

பிற்கால மரபுத் தொழிலில், தோல் நீரில் ஊறவைக்கப்பட்டபின் சுண்ணாம்புக் குழியில் இடப்பட்டது. சுண்ணாம்பின் காரத்தால் மயிர்க்கால் தளர்ந்தபின், தோலைச் சாய்ந்த மரத்தின்மேல் விரித்து, மழுங்கிய கத்தியால் மயிரை வழித்தனர். இதன் பயன் புறத்தூய்மை மட்டுமன்று. தோலின் நார்க்கற்றைகள் விரிந்து பிரிவதால் ஆவாரம்பட்டைச் சாறு உட்புக வழி ஏற்படுகிறது. மயிர்வேர் எஞ்சினால் மேற்பரப்பு தெளிவிழக்கும். சுண்ணாம்பில் அளவிறந்து கிடந்தால் தோல் தளர்ந்து வலுவிழக்கும். எனவே தோலைக் குழியிலிருந்து எடுக்கும் நேரத்தை அறிதலே தொழிலறிவின் சிறப்புக் கூறாக அமைந்தது.

சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் 1903ஆம் ஆண்டளவில் குரோம் பதனிடும் சோதனைகளை மேற்கொண்டார். சென்னை மாகாணத் தோல் தொழில் பற்றிய அவரது நூல் 1904இல் வெளிவந்தது. குரோம் உப்பு பட்டைச் சாற்றுக்கு மாற்றாக வந்ததேயன்றிச் சுண்ணாம்புக்கு மாற்றாகவில்லை. சுண்ணாம்புடன் சோடியம் சல்பைடு சேர்க்கும் முறை பரவியபின் மயிர் நீக்கம் விரைவுற்றது. மயிர் தளர்வதோடன்றிக் கூழாகவும் கரைந்தது.

விரைவின் விலை

கரைந்த மயிரும் சல்பைடும் கழிவுநீரில் கலந்தன. சல்பைடுக் கழிவு அமிலத்துடன் சேரின் உயிர்க்கொல்லியான ஐதரசன் சல்பைடு வாயு வெளிப்படும். தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரால் பாலாறும் நிலத்தடி நீரும் கெட்டமை குறித்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் தீர்ப்பு வழங்கியது. மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்தல் வேண்டும் என்னும் கொள்கையை அத்தீர்ப்பு இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது.

மாற்றுவழியாக நொதிகள் ஆராயப்பட்டன. ஜெர்மனியில் ஓட்டோ ரோம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தோல் தொழிலில் நொதியைப் புகுத்தினார். 1948இல் சென்னையில் தோன்றிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனமும் நொதிவழி மயிர் நீக்கத்தை ஆராய்ந்து வந்துள்ளது. நொதி, மயிர்வேரைப் பற்றி நிற்கும் புரதங்களைச் சிதைப்பதால் மயிர் கரையாமல் முழுமையாகக் கழல்கிறது. ஆயின் வெப்பமும் நேரமும் தவறினால் தோலின் மேற்பரப்பும் சிதையும். சுண்ணாம்புக் குழியில் வேண்டப்பட்ட அதே விழிப்பு இங்கும் வேண்டப்படுகிறது.

முடிவுரை

பொருள்கள் மாறியபோதும் உரிய நேரத்தை உணரும் அறிவின் தேவை மாறவில்லை. அவ்வறிவைத் தாங்கியோர் சாதியால் ஒதுக்கப்பட்டமையின் அது ஏட்டில் ஏறாது கையிலும் வாய்மொழியிலுமே நின்றது. தோல் பதனிடுவோரின் தொழிற்சொற்களைத் தொகுத்து, இலக்கியச் சொற்களோடு ஒப்பிட்டு ஆராய்தல் தமிழாய்வின் உடனடித் தேவையாகும். சுண்ணாம்புக் குழிகள் மறையுந்தோறும் அச்சொற்களும் உடன் மறையும்.