பெரியப்பாவின் ஏ-40: சுருவிலில் ஒரு கார் தெரிவு செய்யப்பட்ட கதை

கடந்த மாதம் ரொறன்ரோவிலிருந்து என் மருமகன் தொலைபேசியில் அழைத்தான். அவனுடைய தாயார், அதாவது என் மூத்த அக்கா, கொழும்பிலும் பின்னர் கனடாவிலும் நெடுங்காலம் இருந்துவிட்டு, இப்போது சுருவிலில் எங்கள் பழைய வளவில் வீட்டைத் திருத்தி, ஆசிரியையான இளைய மகளோடு வாழ்கிறார். மாதம் ஒருமுறை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கிளினிக் போகவேண்டும். முழங்கால் வருத்தம் வேறு.

"மாமா, அம்மாவுக்கு ஒரு கார் எடுத்துக் குடுப்பம் எண்டு யோசிக்கிறன். சின்னக் கார்தான், ஆனால் கொஞ்சம் உயர்ந்த தரமா இருக்கவேணும். பின்கதவு மேல திறக்கிற ஹச்பக். எது நல்லது எண்டு நீங்கள் விசாரிச்சுச் சொல்லுங்கோ" என்றான்.

பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டேன். தேர்தல், போர், பேச்சுவார்த்தை, இடப்பெயர்வு என எத்தனையோ பற்றி எழுதியிருக்கிறேன். கார் வாங்க என்னிடம் ஆலோசனை கேட்டவன் இவன்தான் முதல் ஆள். விசாரிக்கத் தொடங்கியபோதுதான் ஒரு விடயம் நினைவுக்கு வந்தது. இதே வளவில், ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன்பு, இதே கேள்வி ஒருமுறை எழுந்திருக்கிறது. அன்று அதற்கு விடை சொன்னவர் என் பெரியப்பா. ஆனால் உண்மையில் விடையைத் தீர்மானித்தவை அவர் மனமோ பணமோ அல்ல. எங்கள் பகுதியில் ஒரு குடும்பம் எந்தக் காரை வைத்திருக்கலாம் என்பதை வரவு செலவுத் திட்டமும், வர்த்தமானியும், எண்ணெயும், உப்புக்காற்றுமே எப்போதும் தீர்மானித்து வந்திருக்கின்றன. வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது விளங்குவது கடினம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பெரியப்பா மாத்தறையில் சிறிய கடையொன்று வைத்திருந்தார். தீவுப்பகுதியிலிருந்து தென்னிலங்கைக்கு வியாபாரத்துக்குப் போவது அக்காலத்தில் ஊர் வழக்கம். 1960களின் நடுப்பகுதியில், நாடு திரும்பிய ஒரு தோட்டத்துரையின் கையிலிருந்து தரகர் ஒருவர் மூலம் அவருக்கு ஒஸ்ரின் ஏ-40 பரினா கிடைத்தது. யாழ்ப்பாணத்தார் ஏ-40 என்றால் பெரும்பாலும் நினைப்பது அதற்கு முந்திய சொமர்செற் வகையை; கொழுத்த உருண்டை முதுகுள்ள கார் அது. 1958இல் வந்த பரினா முற்றிலும் வேறு. இத்தாலிய வடிவமைப்பாளர் பற்றிஸ்ரா பினின் பரினாவின் நிறுவனம் வரைந்த உருவம். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பெட்டி கிடையாது. கூரை முடிந்த இடத்தில் கார் நறுக்கென்று முடிந்துவிடும். ஊரார் அதற்கு "வால் வெட்டின கார்" என்று பெயர் வைத்தார்கள்.

இன்று மருமகன் கேட்கும் ஹச்பக்கின் முன்னோர்களில் ஒன்று இந்த வால் வெட்டின கார்தான். 1959இல் இதே காரின் 'கன்றிமன்' என்ற வகை வந்தது. அதில் பின் கண்ணாடி மேலே எழும். கீழ்ப்பாதி கீழே விழும். 1961இல் பிரான்சில் ரெனோ 4 முழுப் பின்கதவோடு வந்தது. 1974இல் ஜெர்மனியின் கோல்ப் வந்தபின் உலகத்தின் குடும்பக் காருக்கு அதுவே உருவமாகிவிட்டது. பெரியப்பாவிடம் இருந்தது கன்றிமன் அல்ல, சாதாரண வகை. கண்ணாடி அசையாது. அதற்குக் கீழே ஒரு சிறு மூடி மட்டும் கீழ்நோக்கித் திறக்கும். ஆனால் பின் ஆசனத்தின் முதுகை மடித்துவிட்டால் காரின் பாதி சாமான் அறையாகிவிடும். மொறிஸ் மைனர் ஒன்றும் அதே விலையில் வந்ததாம். "அதுக்குள்ள நாலு பேர் போகலாம். இதுக்குள்ள நாலு பேரும் போகலாம், நாலு மூட்டையும் போகலாம்" என்பது பெரியப்பாவின் நியாயம். நான்கு பேரும் நான்கு மூட்டையும் ஒரே நேரத்தில் போக முடியாது என்பதைப் பெரியம்மா பிறகு பலமுறை சுட்டிக்காட்டியிருக்கிறார்.

அவர் தெரிவு செய்தது இரண்டுக்குள் ஒன்றை மட்டுமே. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதியை அரசாங்கம் இறுக்கிப் பிடித்தது. அதற்குமுன் கப்பலில் வந்திறங்கிய கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. 1970 முதல் 1977 வரையிலான ஆட்சியில் நிலைமை மேலும் இறுகியது. ஆகவே கார் பழசாகப் பழசாக விலை ஏறும் அதிசயத்தை எங்கள் நாடு கண்டது. பெரியப்பா காரை ஒரு காணித்துண்டு போலவே கருதினார்.

இலக்கத்தகடும் ஒரு தனிக்கதை. 1957க்கு முன்பு பதிவான கார்களுக்கு ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. என்றவாறு, சிலோன் என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளே முன்னொட்டாக இருந்தன. 1957 ஜனவரி முதல் புதிய வாகனங்களுக்குச் சிங்கள ஸ்ரீ கட்டாயமாயிற்று. தமிழரசுக் கட்சி எதிர்ப்பு இயக்கம் தொடங்கியது. தமிழ் ஸ்ரீயை எழுதி வாகனம் ஓட்டினார்கள். 1957 ஜூலையில் பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தம் கைச்சாத்தான பின் அடங்கிய அந்த எதிர்ப்பு, 1958இல் சிங்கள ஸ்ரீ பொறித்த பஸ்கள் வடக்குக்கு வந்தபோது தார்ச்சட்டியோடு மீண்டும் கிளம்பியது. அந்த ஏப்ரலில் ஒப்பந்தம் கிழிந்தது. மே மாதத்தில் கலவரம். கார் ஒன்றின் நெற்றியிலிருந்த ஓரெழுத்துக்காக இவ்வளவும் என்று இன்றைய தலைமுறை சிரிக்கக்கூடும். பெரியப்பாவின் காரில் சிங்கள ஸ்ரீ இருந்தது. மாத்தறையில் அது இருக்கவேண்டும், சுருவிலில் அது இருக்கக்கூடாது. அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. ஊருக்கு வந்தால் முன்தகடு எப்போதும் சேறு படிந்திருக்கும். சேறு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் "தாம்போதியில தண்ணி" என்பார். கோடையிலும் அதே பதில்தான். (2000ஆம் ஆண்டிலிருந்து இலக்கத்தகட்டில் மறுபடியும் ஆங்கில எழுத்துகள் வந்துவிட்டன.)

பண்ணைத் தாம்போதி, மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை என்று அந்தக் கார் ஓடிய பாதை எனக்குக் கண்ணைக் கட்டினாலும் தெரியும். இருபுறமும் கடல். காற்றோடு வரும் உவர் இரும்பைத் தின்றுவிடும். பழைய சொமர்செற்றுக்குத் தனியான அடிச்சட்டம் உண்டு. பரினாவுக்கு உடலே சட்டம். கதவுக்குக் கீழ்ப்பாகம் துருப்பிடித்தால் காரே தளர்ந்துவிடும். கடல் வழியாகப் போய்வந்த ஒவ்வொரு நாளும் பெரியப்பா கிணற்றுத் தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவுவார். நல்ல தண்ணீர் அருமையான ஊரில் காருக்கு வாளி வாளியாக ஊற்றுகிறாரே என்று அயலில் முணுமுணுப்பும் இருந்தது. பிரசவ வலி கண்ட பெண்களை ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் அந்தக் கார்தான் என்பதால் முணுமுணுப்பு சண்டையாகவில்லை.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. ஜப்பானியக் கார்கள் வந்தன. உபாலி விஜேவர்த்தனவின் நிறுவனம் மஸ்தா கார்களை இங்கேயே பொருத்தி விற்றது. எண்பதுகளில் இந்திய மாருதியும் வந்து சேர்ந்தது. எங்கள் வீட்டு இளைஞர்கள் ஏ-40ஐ விற்றுவிட்டு ஒரு ஜப்பான் ஹச்பக் எடுக்கச் சொல்லி நச்சரித்தார்கள். பெரியப்பா அசையவில்லை. அப்போது அதைக் கஞ்சத்தனம் என்றே நினைத்தேன்.

1990 ஜூனில் போர் மீண்டும் வெடித்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை விழுந்தது. பெற்றோல், பற்றரி, வாகன உதிரிப்பாகம் எதுவும் வராது. மின்சாரமும் இல்லை. மண்ணெண்ணெய் மட்டும் கட்டுப்பாட்டோடு, எட்டாத விலையில் கிடைத்தது. அப்போது நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவன். நகரத்தில் நான் கண்ட காட்சி இது: புதிய ஜப்பானியக் கார்கள் கொட்டில்களில் உரப்பையால் மூடப்பட்டு நிற்க, அவற்றின் தாத்தாக்களான ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் வெண்புகை கக்கியபடி வீதியில் போய்க்கொண்டிருந்தன.

காரணம் எளிது. மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல இலகுவில் ஆவியாகாது. அழுத்தம் கூடிய இயந்திரத்தில் இட்டால் நேரங்கெட்டு வெடித்துத் தட்டும். பழைய ஆங்கிலக் கார்களின் இயந்திரம் அழுத்தம் குறைந்தது. தரங்கெட்ட எண்ணெயையும் பொறுத்துக்கொள்ளும். ஆனாலும் குளிர்ந்த இயந்திரம் மண்ணெண்ணெயில் உயிர்க்காது. ஹயர் கார்ச் சாரதி ஒரு சிறு போத்தலில் பெற்றோல் வைத்திருப்பார், மருந்து போல. காபரேற்றருக்குள் சில துளி விட்டு, முன்னால் இரும்புக் கைபிடியைச் செருகிச் சுழற்றுவார். பற்றரி செத்திருந்தாலும் கைபிடி இருந்தால் கார் கிளம்பும். இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். வழியில் நிறுத்திவிட்டால் மறுபடியும் பெற்றோல் துளி வேண்டும் என்பதால் ஆளை இறக்கும்போதும் இயந்திரத்தை நிறுத்தமாட்டார். புகைச்செருகியில் கரி படியும். கழற்றிச் சுரண்டிப் பூட்டுவார். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி மசகெண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். கண் எரியும், தொண்டை கரகரக்கும், உடுப்பெல்லாம் குப்பிவிளக்கு வாசம். யாழ்ப்பாணத்தில் மலையில்லாதது எவ்வளவு பெரிய அருள் என்பதை அந்தக் கார்களில் போனவர்கள் அறிவார்கள். பிற்பாடு நான் சேர்ந்த பத்திரிகையும் அப்படித்தான் ஓடிற்று. அச்சுத்தாள் வராமல், கோடு போட்ட கொப்பித் தாளிலும் செய்தி அச்சாகியது.

ஆக, பெரியப்பாவின் தெரிவு சரியென்று காலம் தீர்ப்பளித்தது எனலாம். ஆனால் அந்தத் தீர்ப்பு அவருக்குப் பயன்படவில்லை. 1990 ஓகஸ்டில் தீவுப்பகுதியில் இராணுவம் தரையிறங்கியது. கோட்டை முற்றுகையால் பண்ணைப் பாதை போர்க்களமாகியிருந்தது. ஊரே அராலிப் பக்கமாகக் கடலேரியைப் படகில் கடந்தது. படகில் கார் ஏறாது. மாமரத்தின் கீழ் அதை நிறுத்தி, கதவுகளைப் பூட்டி, கைபிடியை மட்டும் சாரத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு பெரியப்பா படகில் ஏறினார். "இது இல்லாமல் ஒருத்தனும் கொண்டுபோக ஏலாது" என்றார். கொக்குவிலில் வாடகை வீட்டின் மூலையில் அந்தக் கைபிடி நான்கு ஆண்டுகள் சாய்ந்து நின்றது. 1994இல் அவர் காலமானார். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே பெயர்ந்தபோது, சைக்கிளில் தொங்கவிடக்கூடியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு நாவற்குழிப் பக்கம் நடந்தோம். கைபிடியை எடுக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. இன்றுவரை அதுபற்றி அக்காவிடம் நான் சொன்னதில்லை; இதை வாசித்தால் அறிவார்.

2002இல் போர்நிறுத்தம் வந்து ஏ-9 வீதி திறந்தது. அடுத்த ஆண்டு சுருவிலுக்குப் போனேன். மாமரம் நின்றது. காரின் கூடும் நின்றது. இயந்திரம், சில்லுகள், ஆசனங்கள் எதுவும் இல்லை. பின்மூடி மட்டும் கீழே விழுந்து தட்டையாகத் திறந்தபடி கிடந்தது. அதன்மேல் யாரோ மீன் காயவைத்த உப்புத்தடம் வெள்ளையாகத் தெரிந்தது.

இப்போது மருமகனின் கேள்விக்கு வருகிறேன். 2020 மார்ச்சில் இலங்கை மீண்டும் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. இடையில் பத்து வயதுக் கார் வாங்கிய விலையை விடக் கூடிய விலைக்குப் போனது. பெரியப்பா இருந்திருந்தால் ஆச்சரியப்பட்டிருக்கமாட்டார். 2022இல் எரிபொருளுக்குக் கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்றோம். இறக்குமதித் தீர்வை இயந்திரத்தின் கொள்ளளவையும் அது பெற்றோலா, ஹைபிரிட்டா, மின்சாரமா என்பதையும் பொறுத்து மாறுகிறது. யாழ்ப்பாண வீதிகளில் 660 சீசீ வகன் ஆரும் ஆயிரம் சீசீ விற்ஸும் ரொயோட்டா அக்குவாவும் ஏன் இத்தனை என்று கேட்டால், சனத்தின் ரசனையை விடத் தீர்வை அட்டவணையே நல்ல விளக்கம் தரும்.

மருமகன் மனதில் இருப்பது அக்குவா. நல்ல ஹச்பக், எண்ணெய் குறைவாகக் குடிக்கும். ஆனால் ஆசனம் தாழ்வு; முழங்கால் வருத்தக்காரர் ஏறி இறங்கக் கஷ்டம். ஹைபிரிட் பற்றரி பின் ஆசனத்தின் கீழே இருக்கிறது, அதற்குக் காற்றுப்போகும் துவாரமும் அங்கேயே. தீவு மணலும் உவர்க்காற்றும் அங்கே என்ன செய்யும் என்று யாழ்ப்பாணத்துக் கராஜ்காரர் ஒருவரிடம் கேட்டேன். "துப்பரவா வைச்சிருந்தால் பிரச்சினை இல்லை ஐயா. ஆர் வைச்சிருக்கினம்?" என்றார். என் யோசனை உயரமான ஆசனமுள்ள வகன் ஆர். உயர்தரம் என்று மருமகன் சொல்வது தோல் இருக்கையையும் திரையையும். அக்காவுக்கு உயர்தரம் என்பது குனியாமல் ஏறுவது. எதை எடுத்தாலும் வாங்குமுன் அடிப்பாகத்தைத் தூக்கிப் பார்த்துத் துருத்தடுப்புப் பூச்சுப் போடவேண்டும், தாம்போதி தாண்டி வந்தால் கழுவவேண்டும் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.

அக்காவிடம் நேரே கேட்டேன். அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்.

"பின்மூடி மேலயோ எழும்பும், கீழயோ விழும்?"

"இப்பத்தைய கார் எல்லாம் மேலதான் அக்கா."

"அப்ப அதில இருக்க ஏலாது, என்ன?" என்றார். பெரியப்பாவின் கார் முற்றத்தில் நிற்கும்போது அந்த மூடியில் கால் தொங்கப்போட்டபடி நாங்கள் பனங்கிழங்கு தின்போம். மூடி வளைந்துவிடும் என்று பெரியப்பா கத்துவார். பிறகு அக்கா, வருகிற வெள்ளிக்கிழமை கிளினிக் முடிய நேரே கார் பார்க்கப் போகலாம் என்றும், தேங்காய் மூட்டை ஒன்றைக் கையோடு கொண்டுவந்து பின்னால் வைத்துப் பார்க்கவேண்டும் என்றும் சொன்னார்.