அணைச்ச பிறகும் மினுங்கும் பல்பு

குண்டு பல்பு காலத்தில் யாரும் கேட்காத ஒரு கேள்வியை இப்போ அடிக்கடி கேட்கிறேன்: "சுவிட்ச அணைச்சாச்சு, ஆனா பல்பு மங்கலா மினுங்குது. என்னவாக்கும் காரணம்?" பல்பை மாற்றினாலும் தீராது. காரணம் சுவிட்சின் வரலாற்றில் இருக்கிறது.

சுவிட்சின் வேலை ஒன்றே ஒன்று: கரண்ட் வரும் பாதையை வெட்டுவது. மெதுவாகப் பிரித்தால் தீப்பொறி பறந்து முனை கருகிவிடும். அதனால்தான் 1884ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜான் ஹென்றி ஹோம்ஸ், ஸ்பிரிங் விசையில் 'டக்'கென்று பிரியும் சுவிட்சைக் கண்டுபிடித்தார். இன்று நாம் கேட்கும் 'டக்' சத்தம் அங்கிருந்து வந்ததுதான்.

சரி, எந்தப் பாதையை வெட்டுவது? ஃபேஸை வெட்டினாலும் பல்பு அணையும், நியூட்ரலை வெட்டினாலும் அணையும். ஆனால் நியூட்ரலை மட்டும் வெட்டினால் ஹோல்டரில் 230 வோல்ட் அப்படியே நிற்கும். 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 32வது விதி இதைத்தான் தடுத்தது: நியூட்ரலில் மட்டும் தனி சுவிட்ச் வைக்கக் கூடாது. திருவிதாங்கூரில் இருந்த நம்ம மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்ததும் அதே 1956, நவம்பர் 1ல்தான்.

பிறகு சுவிட்சோடு ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. சாக்கெட், ஃபேன் ரெகுலேட்டர், இருட்டில் இடம் காட்ட சுவிட்சுக்குள்ளேயே ஒரு நியான் விளக்கு. அந்த நியான், சுவிட்ச் அணைந்திருக்கும்போது பல்பு வழியாகத்தான் தனக்கு வேண்டிய துளி கரண்டை எடுக்கும். ஒரு மில்லி ஆம்பியர்கூட வராது. குண்டு பல்பின் இழைக்கு அது தூசு. 2015ல் உஜாலா திட்டம் வந்து எல்.இ.டி. வீடுவீடாகப் பரவியது. எல்.இ.டி.க்குள் இருக்கும் கெப்பாசிட்டர் அந்தத் துளியையும் சேர்த்துவைத்து மினுக்கும். குண்டு பல்பு மறைத்ததை எல்.இ.டி. காட்டிக்கொடுத்தது!

குளச்சலுக்கும் தேங்காப்பட்டணத்துக்கும் இடையில் கடலோரம் இருக்கிறது இனயம். அங்கே எனக்குத் தெரிந்த ஒரு வீட்டிலும் இதே மினுக்கல். உப்புக் காற்றில் போர்டுக்குள் செம்பு முனைகளெல்லாம் பச்சை பூத்திருந்ததால் முதலில் அதன் மேல்தான் சந்தேகம். ஆனால் சுத்தம் செய்த பிறகும் நிற்கவில்லை. சுவிட்சில் நியானும் கிடையாது. கடைசியில் பார்த்தால், பழைய வயர் இரண்டும் ஒரே நிறம், சுவிட்சுக்கு வந்திருந்தது நியூட்ரல். அந்த வீட்டு அக்கா சொன்னார்: "சுவிட்ச அணைச்சிட்டோம்னு நம்பி எத்தன வருசமா ஸ்டூல்ல ஏறி பல்பு மாத்தியிருக்கேன்!"

உங்கள் வீட்டிலும் மினுங்கினால் இப்படிப் பாருங்கள். அணைத்தால் எரிந்து, போட்டால் அணையும் சின்ன விளக்கு சுவிட்சில் இருக்கிறதா? அப்படியென்றால் பெரும்பாலும் அதுதான் காரணம், ஆபத்து குறைவு. மாடிப்படி சுவிட்ச் மாதிரி வயர்கள் நெடுந்தூரம் ஒட்டிப் போனாலும் லேசாக மினுங்கலாம். இரண்டும் இல்லையென்றால் நியூட்ரலைச் சந்தேகப்படுங்கள். நியான் இருந்தால் டெஸ்டர் ஹோல்டரில் எப்படியும் எரியும், அதை மட்டும் நம்ப வேண்டாம். லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு, சுவிட்சுக்கு வருவது ஃபேஸா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதுவரைக்கும் பல்பு மாற்றுவதென்றால் மெயினை அணைத்துவிட்டு மட்டும் மாற்றுங்கள்.